முழங்கால்கள் சுத்தம்

செப்டம்பர் 26, வியாழன்

ஆறுதல் சொல்ல நகராட்சி ஒரு பெண்ணை அனுப்பியிருந்தது. தினமும் நாலு வரி எழுதுங்கள், பாரம் இறங்கும் என்றாள். பாரத்தை இறக்கிவைக்க எனக்கு விருப்பமில்லை. யார் யார் என்ன செய்தார்கள் என்பது மறந்துபோகக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். இது மரகதம் இங்கிலீஷ் வகுப்புக்கு வாங்கிய நோட்டு. பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து நான்.

நடந்ததை ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். செப்டம்பர் 17, செவ்வாய். காலை பதினொன்று பத்துக்கு ஒருவன் துப்பாக்கியோடு எல்டன் ஃபால்ஸ் ஊர் நூலகத்துக்குள் நுழைந்தான். பதினொன்று பதினாறுக்குப் போலீஸ் வந்தது. பன்னிரண்டு எட்டுக்குத்தான் உள்ளே போனது. நடுவில் ஐம்பத்திரண்டு நிமிடம், இருபத்தாறு போலீஸ்காரர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றார்கள். ஒன்பது பேர் செத்தார்கள். பட்டியலில் எட்டாவது பெயர் மரகதம், என் மனைவி, வயது ஐம்பத்துமூன்று. குடியுரிமைத் தேர்வுக்காகச் செவ்வாய்தோறும் அங்கே படிக்கப் போவாள்.

சுட்டவனும் செத்துவிட்டான். செத்தவனை நான் என்ன செய்ய முடியும்? உயிரோடு இருப்பவர்களைப் பற்றித்தான் இந்த நோட்டு.

இன்று கடையைத் திறந்தேன். டிரை கிளீனிங்கும் தையலும் செய்கிற கடை. ஒன்பது வருடமாக இந்த ஊர்ப் போலீஸ் யூனிஃபார்ம் முழுக்க எங்களிடம்தான் வருகிறது. வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டி போலீஸ் பைகளால் நிரம்பியிருந்தது. உட்கார்ந்து சீட்டு எழுத ஆரம்பித்தேன். துணி வந்தால் முதல் வேலை அதுதான். எங்கே கறை, எங்கே கிழிசல், எந்தப் பொத்தான் இல்லை என்று எல்லாவற்றையும் தண்ணீர் படுவதற்கு முன்னால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஒருவரும் வந்து இது நீ கிழித்தது என்று சொல்லிவிடக் கூடாது.

ஒரு சட்டையின் கையில் ரத்தம் இருந்தது. யாருடையது என்று யோசிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் போட்டேன். அதன் பிறகுதான் யோசித்தேன். கடையில் ஆறு வருடமாக வேலை செய்யும் தெரேசா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள், வீட்டுக்குப் போ என்று அழுதாள். போகவில்லை. போலீஸ் கேப்டன் ரெய்னரின் இன்னொரு செட் யூனிஃபார்ம் தையல் மெஷின் பக்கத்தில் இரண்டு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்போதுதான் பதவி உயர்ந்திருந்தது. ஒரு செட்டுக்குக் கேப்டன் சின்னம் தைத்துக் கொடுத்திருந்தேன், இது மிச்சம். அதையும் தைத்து முடித்தேன்.

அன்றைக்கு நான் போட்டிருந்த துணியை ஒரு பையில் கட்டிப் பின்னறையில் வைத்திருக்கிறேன். அதற்குச் சீட்டு எழுதவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

ஃபிரிட்ஜில் இட்லி மாவு இருக்கிறது. பதினாறாம் தேதி அவள் அரைத்தது. நன்றாகப் புளித்துவிட்டது. கொட்டவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

ரெய்னர் துணி வாங்க வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என் பெயரைச் சொல்ல வராது, செங் என்றுதான் கூப்பிடுவார். மனிதனால் முடிந்த எல்லாவற்றையும் செய்தோம் செங் என்றார். கட்டியும் பிடித்தார். நான் நன்றி சொன்னேன்.

நன்றி சொன்னதையும் எழுதிவைக்கிறேன்.

மகள் அபிநயா சிகாகோவிலிருந்து பேசினாள். காரியம் முடிந்து போனதிலிருந்து தினமும் ஒரே கேள்வி.

"அம்மா உங்ககிட்டப் பதினோரு நிமிஷம் பேசியிருக்காங்கப்பா. என்னதான் சொன்னாங்க?"

பயமாக இருக்கிறது என்றாள், அப்புறம் சரியாகக் கேட்கவில்லை என்றேன். போலீஸிடமும் இதைத்தான் சொன்னேன். தமிழில் பேசியதால் அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

நேற்று மாலை ஊர்க் கூட்டம். பள்ளிக்கூட அரங்கில் உட்கார இடமில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுந்து, ஐம்பத்திரண்டு நிமிடம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா, எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான் என்று சொல்லி, ஒவ்வொரு செய்தியாகப் படித்தாள். பின்வரிசையில் ஒருவர், கோழைகள் என்று சத்தம் போட்டார். இன்னொருவர், போலீசுக்கும் பெண்டாட்டி பிள்ளை இல்லையா என்று பதிலுக்குச் சத்தம் போட்டார். நகரத் தலைவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

அப்போது ரெய்னர் மேடையேறினார். அன்று வெளியே இருந்த எல்லாரும் அவர் உத்தரவுக்குத்தான் காத்திருந்தார்கள். நாங்கள் சும்மா நிற்கவில்லை என்றார். துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே தானே இரண்டு முறை, உடைந்த கண்ணாடிமேல் தவழ்ந்து மேற்குக் கதவுவரை போனதாகவும், அது பூட்டியிருந்ததாகவும், அதனால்தான் சிறப்புப் படை வரும்வரை காத்திருந்ததாகவும் சொன்னார். பாதி அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

நானும் எழுந்தேன். எழுந்தவன் பாதியில் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடிமேல் தவழ்ந்த பேன்ட்டைத் துவைத்த ஞாபகம் எனக்கு இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

காலை ஐந்தரைக்கே கடைக்கு வந்து சீட்டுக் கட்டைப் பிரித்தேன். கிடைத்துவிட்டது. என் கையெழுத்துத்தான்.

'கேப்டன் ரெய்னர். சட்டை ஒன்று, பேன்ட் ஒன்று. வலது கை முனையில் காபிக் கறை. முழங்கால்கள் சுத்தம். முழங்கைகள் சுத்தம். கிழிசல் இல்லை.'

பையில் கட்டியிருந்த அட்டையும் சீட்டோடு குத்தியிருக்கிறது. அதில் அவர் கையாலேயே எழுதிய தேதி, 17. அன்று வேறு உடுப்பு போட்டிருந்தேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. அன்றைக்கு டிவியில் வந்த படத்தில் தோளில் கேப்டன் சின்னம் தெரிகிறது. கேப்டன் சின்னம் தைத்த செட் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றது என் மெஷின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மரகதம் மேசைக்கடியில் கிடந்தபோது அவன் காபி குடித்திருக்கிறான்.

அந்தத் துணியை நானே துவைத்தேன். கறை போகவில்லையென்று இரண்டாம் முறையும் துவைத்து, பேன்ட்டுக்குக் கத்தி மடிப்பு வைத்துக் கொடுத்தேன். இருந்த ஒரே சாட்சியைச் சோப்புப் போட்டுக் கழுவிய மடையன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மிச்சம் இருப்பது இந்தச் சீட்டு.

அக்டோபர் 14, திங்கள்

கடைத்தெரு முழுக்க நீல ரிப்பன், போலீசுக்கு ஆதரவாம். எங்கள் கதவிலும் யாரோ கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தெரேசா அவிழ்த்துக் குப்பையில் போட்டாள்.

ரெய்னரின் சட்டைக் காலருக்குக் கஞ்சியை இரண்டு மடங்கு போட்டேன். பேன்ட் இடுப்பைச் சத்தமில்லாமல் அரை அங்குலம் பிடித்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

கழுத்தைச் சொறிந்துகொண்டே கடைக்கு வந்தான். நன்றாகச் சிவந்திருந்தது. எடை கூடிவிட்டது போலிருக்கிறது செங், பேன்ட் பிடிக்கிறது என்றான். கவலையில் சிலருக்கு அப்படி ஆகும் என்றேன். அற்ப சந்தோஷம்தான். இன்று ஒரு மாதம் ஆகிறது, அற்பமாகவாவது ஒன்று கிடைத்ததே.

அக்டோபர் 20, ஞாயிறு

பக்கத்து நகரத் தமிழ்ச் சங்கத்திலிருந்து ஜெகதீசன் வந்திருந்தார். எங்கள் காங்கேயத்துப் பக்கம்தான் அவருக்கும். கூட்டத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததைச் செய்தியில் பார்த்துவிட்டுப் பதறிப்போய் வந்திருக்கிறார்.

"போலீசோட மல்லுக்கு நின்னா நமக்கு ஆகுங்களாண்ணா? போனவங்க போயிட்டாங்க. இருக்கறவங்க இருக்க வேண்டாங்களா?"

சீட்டைப் பற்றி அவரிடம் நான் மூச்சுவிடவில்லை. ஆனால் அவர் போன பிறகு அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் அவர் துணி வெளுத்த வீடுகள் அறுபது. எந்த வீட்டில் யார் யாரோடு என்பதுவரை துணி அவருக்குச் சொல்லிவிடும். அவர் வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைத் தொழில் தர்மம் என்பார். எனக்கு அது பயமாகத்தான் தெரிந்தது. சொன்னால் அடுத்த நாள் ஊருக்குள் நடமாட முடியாது, அவ்வளவுதான்.

நான் சொல்லப்போகிறேன். ஆனால் இப்போது இல்லை. மாநிலத்திலிருந்து விசாரணைக் குழு வருகிறதாம், நவம்பரில். அங்கே சத்தியம் செய்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஊர்க் கூட்டத்தில் சொன்ன பொய்க்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. சத்தியம் செய்துவிட்டுச் சொன்னால் உத்தியோகம் போகும், ஜெயிலும் உண்டு என்று குடும்பங்களுக்காக வாதாடும் வக்கீல் சொன்னார். பொதுவாகக் கேட்பதுபோல்தான் கேட்டேன். அவன் சத்தியம் செய்யட்டும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை, பரம்பரைப் பழக்கம்.

அக்டோபர் 27, ஞாயிறு

லான் வந்தாள். மரகதத்தோடு ஒரே வகுப்பில் படித்த வியட்நாம்காரப் பெண். அன்று அந்த அறையிலிருந்து தப்பித்த நாலு பேரில் ஒருத்தி. இரண்டு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவளுக்கும் எனக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். அதனால் சுற்றி வளைக்கத் தெரியாமல் நேராகவே சொன்னாள்.

அறையின் பின்பக்க ஜன்னல் திறந்திருந்ததாம். கீழே புல்தரை. ஒவ்வொருவராகக் குதித்திருக்கிறார்கள். லான் ஜன்னலில் ஏறி மரகதத்தின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மரகதம் காதில் ஃபோனோடு ஜன்னல்வரை வந்தாளாம். அப்புறம் ஃபோனைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் போய் மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டாளாம். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்திருக்க வேண்டும், நான் விட்டுவிட்டேன், தினமும் அதே கை கனவில் வருகிறது என்று லான் அழுதாள். ஃபோனில் இருந்தது யார் என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

அவள் போன பிறகு இரண்டு ஆரஞ்சையும் உரித்துத் தின்றேன். ரெய்னர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பதினொன்று பதினாறுக்கே அவன் உள்ளே போயிருந்தால் ஜன்னல் என்ற பேச்சே வந்திருக்காது.

நவம்பர் 2, சனி

பின்னறையில் இருக்கும் பையைத் துவைக்கட்டுமா என்று தெரேசா கேட்டாள். தொடாதே என்று கத்திவிட்டேன். மத்தியானம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

இன்றைய உள்ளூர்ப் பத்திரிகையில் ரெய்னருக்கு வீரப் பதக்கம் தர வேண்டும் என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்திருக்கிறது. வெட்டிச் சீட்டுக் கட்டோடு வைத்தேன். விழும்போது நல்ல உயரத்திலிருந்து விழட்டும்.

நவம்பர் 16, சனி

இரண்டு நாளாக ஈறு வீங்கியிருக்கிறது. கஞ்சிதான் குடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை விசாரணை. பாதிக்கப்பட்டவர்கள் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

ரெய்னர் யூனிஃபார்மைக் கொண்டுவந்து கொடுத்தான். நாளைக்கு டிவிக்காரர்கள் வருவார்கள், நன்றாகச் செய்து கொடு செங் என்றான்.

என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக ஒரு துணியைத் தேய்த்ததில்லை. கஞ்சி அளவாகப் போட்டேன். பிடித்த அரை அங்குலத்தையும் விட்டுக் கொடுத்தேன். நாளைக்கு அவன் கழுத்து உறுத்தக் கூடாது, இடுப்பு பிடிக்கக் கூடாது. சௌகரியமாக உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்க வேண்டும். படத்தில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. கடைசியாக அந்த உடுப்போடு எடுக்கும் படமாக அது இருக்க வேண்டும்.

முழங்கால் பக்கம் இஸ்திரி போடும்போது சிரிப்பு வந்தது. தெரேசா என்னைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நவம்பர் 20, புதன்

நேற்று நடந்ததை நிதானமாக எழுத முயல்கிறேன்.

காலையில் ரெய்னர் பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். கண்ணாடி, குண்டுகள், தவழ்ந்தது, பூட்டிய கதவு, ஒன்று விடாமல் சொன்னான். இரண்டு முறை என்பது இப்போது மூன்று முறை ஆகியிருந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது.

பதினோரு மணிக்கு என் முறை. சத்தியம் செய்துவிட்டு மைக் முன்னால் நின்றேன். மேசையில் ஒரு விளக்கு. பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் அரை நிமிடம் பாக்கி, சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். ரெய்னர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். தங்கமாக இருந்தது யூனிஃபார்ம்.

நான் இவருடைய துணி வெளுப்பவன் என்று ஆரம்பித்தேன். யாரோ சிரித்தார்கள். சீட்டை எடுத்து அப்படியே படித்தேன். காபிக் கறை. முழங்கால்கள் சுத்தம். முழங்கைகள் சுத்தம். கிழிசல் இல்லை. பை அட்டையில் இருந்த தேதியைப் படித்தேன். இன்னொரு செட் என் கடையில் தொங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். கண்ணாடிமேல் மூன்று முறை தவழ்ந்தவரின் பேன்ட்டில் ஒரு நூல்கூடப் பிரியவில்லையே, அது என்ன துணி, எனக்கும் ஒரு கஜம் வேண்டும் என்றேன். இந்த வரியை ஐந்து வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. ரெய்னரின் கை தன்னையறியாமல் முழங்காலுக்குப் போனது. அதைக் கேமராக்காரர்கள் எடுத்தார்கள். மகனை இழந்த அந்தத் தாய் எழுந்து நின்றுவிட்டாள். குழுத் தலைவர் சீட்டைக் கேட்டு வாங்கி, தன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். அன்று காலை மேற்குக் கதவைத் திறந்த நூலக ஊழியரை மத்தியானமே கூப்பிடச் சொன்னார். அது பூட்டப்படவே இல்லை என்று அந்த ஊழியர் சாயங்காலம் சொன்னார்.

விளக்கு இன்னும் பச்சை. நினைத்தது நடந்துவிட்டது, இறங்கியிருக்கலாம். பார்த்தால் மூன்றாவது வரிசையில் லான். தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரகதத்தை இழுத்த கை.

மஞ்சள் வந்தது.

ஃபோனில் இருந்தது நான்தான் என்றேன். கடையிலிருந்து பேசிக்கொண்டே ஓடிவந்தேன். போலீஸ் கட்டியிருந்த மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இருபத்தாறு யூனிஃபார்ம், எல்லாம் நான் தேய்த்தது. அதைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஜன்னல் திறந்திருக்கிறது, குதிக்கட்டுமா என்று என் மனைவி கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். போலீஸ் வந்துவிட்டது, இதோ உள்ளே வரப்போகிறார்கள், நீ குதித்தால் ஆள் தெரியாமல் அவர்களே சுட்டுவிடுவார்கள், அசையாமல் இரு என்றேன். லான் இழுத்த கையை விடச் சொன்னது நான். லானுக்கு அதில் பங்கு இல்லை.

சிவப்பு வந்தது. யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்ல எனக்குத்தான் வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 21, வியாழன்

ரெய்னரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பொய்ச் சத்தியத்துக்கு வழக்கும் வரும் என்று வக்கீல் சொன்னார். கேட்கும்போது இனித்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

கடைக் கதவில் யாரோ பெயின்ட்டால் எழுதியிருக்கிறார்கள், கொன்றது புருஷன் என்று. தெரேசா துடைக்கப் போனாள். இருக்கட்டும் என்றேன்.

அபிநயா செய்தியில் பார்த்திருக்கிறாள். ஃபோன் செய்தாள்.

"நீங்க அசையாம இருன்னீங்க. அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?"

"சரிங்க மாமான்னா."

"அப்புறம்?"

"அப்புறம் அவ பேசல. போலீசு உள்ள வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு நாந்தான் கேட்டுட்டே இருந்தேன். நான் நின்ன எடத்துலருந்து பார்த்தா ஒருத்தனும் நகரல. அது எனக்குத் தெரிஞ்சுது கண்ணு. தெரிஞ்சும் குதின்னு சொல்லல."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 24, ஞாயிறு

அபிநயாவிடமிருந்து ஒரு வரி வந்திருக்கிறது, சனிக்கிழமை வருகிறேன் என்று. எதற்கு என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. மாவைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவினேன்.

மத்தியானம் கடையைத் திறந்து பின்னறைப் பையை எடுத்து வந்து மேசைமேல் பிரித்தேன். எந்தத் துணியானாலும் தண்ணீர் படும் முன்னால் சீட்டு எழுத வேண்டும். எழுதினேன்.

'செங்கோடன். சட்டை ஒன்று, பேன்ட் ஒன்று. செப்டம்பர் 17. கழுத்தில் வியர்வைக் கறை. முழங்கால்கள் சுத்தம். முழங்கைகள் சுத்தம். கிழிசல் இல்லை.'

கையெழுத்துப் போட்டு, ரெய்னர் சீட்டின் நகலோடு சேர்த்துக் குத்திவைத்தேன்.